சிறு நிலத்துக்கு முதல் டிராக்டர்: சொந்தமா, வாடகையா?

இரண்டு ஏக்கரோ ஐந்து ஏக்கரோ நிலம் வைத்திருக்கும் ஓர் உழவர் முதன்முதலாகச் சொந்த டிராக்டர் வாங்குவது தகுமா என்ற கேள்விக்கு, பொருளியலாளர்களும் வேளாண் பொறியாளர்களும் காந்தியச் சிந்தனையாளர்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாக விடை சொல்லிவருகிறார்கள். அவ்விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சராசரி நில உடைமை 1.08 எக்டேர் என்றும் தமிழ்நாட்டின் சராசரி 0.75 எக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு என்றும் இருக்கையில், இக்கேள்வி பெரும்பான்மை உழவர்களின் கேள்வியாகிறது. இங்கே சிறு டிராக்டர் எனப்படுவது, ஏறத்தாழ 11 முதல் 28 குதிரைத்திறன் வரையிலான எஞ்சின் பொருத்திய, நான்கு சக்கரங்கள் கொண்ட, ஓட்டுநர் அமர்ந்து ஓட்டும் இயந்திரம். ஊர்ப்பேச்சில் இது மினி டிராக்டர். இதுவரை முன்வைக்கப்பட்ட நிலைப்பாடுகளையும் அவற்றின் தோற்றத்தையும் குறைகளையும் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எருதுக்கு மாற்றா, விளைச்சலுக்குத் துணையா

விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் டிராக்டர் சிறு உழவரின் கருவியாக நுழையவில்லை. போரில் எஞ்சிய அமெரிக்க இயந்திரங்களைக் கொண்டு களை மண்டிய தரிசுகளைத் திருத்திய மத்திய டிராக்டர் அமைப்பும், சோவியத் ஒன்றியம் அன்பளிப்பாகத் தந்த இயந்திரங்களுடன் 1956இல் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கப்பட்ட அரசுப் பண்ணையும், பெருநிலம் பெரும் இயந்திரம் என்ற கற்பனையிலேயே உருவானவை. இதற்கு எதிர்நிலையில் ஜே. சி. குமரப்பா போன்ற காந்தியப் பொருளியலாளர்கள், எருது உழவு இழுக்கும் விசை மட்டுமன்று, எருவும் தோலும் வண்டியும் அதனோடு சேர்ந்தே வருகின்றன என்றும், அந்தச் சுழற்சியை அறுக்கும் கருவி கிராமத்தின் செல்வத்தை வெளியே ஓடவிடும் என்றும் கருதினர். இந்த வாதத்தின் வலிமை அதன் முழுமைப் பார்வையில் இருக்கிறது. ஆனால் ஆண்டில் சில வாரங்களே உழும் ஒரு சோடி எருதுக்கு ஆண்டு முழுவதும் தீனி போடவேண்டிய சுமை, மேய்ச்சல் நிலம் சுருங்கச் சுருங்க சிறு உழவரையே முதலில் அழுத்தியது என்பதை அது போதிய அளவு எடைபோடவில்லை.

1970களில் விவாதம் அளவிடத்தக்க வடிவம் பெற்றது. பாகிஸ்தானில் உலக வங்கிக் கடனில் டிராக்டர் வாங்கிய பண்ணைகளைப் பற்றி மக்கினர்னியும் டொனால்ட்சனும் 1975இல் வெளியிட்ட ஆய்வு, அப்பண்ணைகளின் பரப்பு இரு மடங்குக்கு மேல் பெருகியதையும், அந்தப் பெருக்கத்தின் ஒரு பகுதி குத்தகைதாரர்களை நிலத்திலிருந்து வெளியேற்றியதால் நேர்ந்ததையும் காட்டியது. தெற்காசிய ஆய்வுகளைத் தொகுத்து 1978இல் நூல் எழுதிய ஹான்ஸ் பின்ஸ்வாங்கர், விவாதத்தை இரு கட்சிகளாகப் பிரித்தார். டிராக்டர் எருதையும் ஆளையும் மாற்றீடு செய்கிறதே தவிர விளைச்சலைத் தானாக உயர்த்துவதில்லை என்பது ஒன்று. ஆழமான, காலத்தே செய்யும் உழவால் விளைச்சலும் பயிர்ச் சுற்றும் கூடுகின்றன என்பது மற்றொன்று. அவர் தொகுத்த சான்றுகள் பெரும்பாலும் முதல் கட்சிக்கே சாதகமாக இருந்தன. எனினும் அவை கூலி மலிவாக இருந்த காலத்தின் சான்றுகள். டிராக்டர் உள்ள பண்ணைகளும் இல்லாத பண்ணைகளும் நீர்வசதியிலும் உர அளவிலும் வேறுபட்டிருந்ததால், ஒப்பீடே சிக்கலானது என்பதை அவரும் உணர்ந்திருந்தார். இன்று எருதே அரிதாகிவிட்ட ஊர்களில் அந்த ஒப்பீட்டுக்கு ஒரு பக்கம் இல்லாமற்போய்விட்டது. வாடகைக்கு வரும் பெரிய டிராக்டருக்கும் சொந்தச் சிறு டிராக்டருக்கும் இடையில்தான் இப்போது தேர்வு.

அளவு பற்றிய வாதம்

இயந்திரம் வேண்டும், ஆனால் நிலத்தின் அளவுக்கேற்ற இயந்திரம் வேண்டும் என்ற மூன்றாவது கட்சி இரு ஊற்றுகளிலிருந்து வந்தது. ஒன்று 1973இல் பொருளியலாளர் ஷுமாகர் பரப்பிய இடைநிலைத் தொழில்நுட்பக் கருத்து. மற்றொன்று ஜப்பானின் அனுபவம்: சராசரியாக ஓர் எக்டேர் நிலமே கொண்டிருந்த ஜப்பானிய உழவர்கள் 1950களிலும் 60களிலும் கையால் பிடித்து நடத்தும் இருசக்கர உழுவை இயந்திரங்களையும், பின்னர் அமர்ந்து ஓட்டும் சிறு டிராக்டர்களையும் பெருமளவில் வாங்கினர். அங்கே தொழிற்சாலைக் கூலி உயர்ந்து இளைஞர் வயலைவிட்டு அகன்றதே அதற்குக் காரணம். பற்றாக்குறையான வளத்தைச் சேமிக்கும் தொழில்நுட்பமே பரவும் என்று 1971இல் ஹயாமியும் ரட்டனும் வகுத்த கோட்பாடு இதை ஓரளவு விளக்குகிறது. ஆனால் இயந்திரத் தவணையைக் கட்டுவதற்காகவே பல குடும்பங்கள் வெளிவேலைக்குப் போக நேர்ந்தது என்ற விமர்சனமும் ஜப்பானிலேயே எழுந்தது என்பதை, அந்நாட்டை முன்மாதிரியாகக் காட்டுவோர் பெரும்பாலும் சொல்லாமல் விடுகின்றனர்.

இந்தியாவில் பவர் டில்லர் எனப்படும் அந்த இருசக்கர உழுவை 1960களின் இறுதியில் பெங்களூரிலும், 1970களில் கேரளத்தின் அத்தாணியிலும் ஜப்பானியக் கூட்டுறவுடன் உற்பத்திக்கு வந்தது. அது ஏன் தமிழ்நாட்டின் எல்லா வயல்களையும் ஆட்கொள்ளவில்லை என்பதற்கு ஒரு கணக்கே போதும்: 60 சென்டிமீட்டர் அகலம் உழும் கருவியின் பின்னால் ஓர் ஏக்கரை ஒருமுறை உழுது முடிக்க, ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் சேற்றில் நடக்கவேண்டும். மறுபுறம், துர்காபூரின் மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனம் உள்நாட்டிலேயே வடிவமைத்து 1974இல் பஞ்சாபில் உற்பத்திக்கு வந்த சுவராஜ் 724, 26.5 குதிரைத்திறன் கொண்டது. அன்றைய அளவுகோலில் அது எளிய உழவரின் வண்டி. ஆனால் சந்தை அதன்பின் மேல்நோக்கியே நகர்ந்தது. இன்று அதிகம் விற்பது 41 முதல் 50 குதிரைத்திறன் வகை. டிராக்டர் இங்கே உழவுக் கருவி மட்டுமன்று என்பதே இதன் காரணம்: அது நெல்மூட்டை ஏற்றும், மணலும் செங்கல்லும் இழுக்கும், அண்டை ஊர்வரை வாடகைக்குப் போகும். வாங்குபவர் தம் நிலத்தின் அளவைப் பார்த்து வாங்குவதில்லை, வண்டி ஈட்டக்கூடிய வேலையைப் பார்த்தே வாங்குகிறார். நிலத்துக்கேற்ற இயந்திரம் என்ற கட்சி கவனிக்கத் தவறியது இதைத்தான்.

மணிக்கணக்கு

பண்ணை இயந்திரத்தின் செலவை நிலைச்செலவு, ஓட்டச்செலவு என இரண்டாகப் பிரிப்பது வழக்கம். வண்டி ஓடினாலும் நின்றாலும் ஏறுவது நிலைச்செலவு. தேய்மானம், வட்டி, காப்பீடு, கொட்டகை ஆகியவை அதில் அடங்கும். டீசல், எண்ணெய், பழுது, ஓட்டுநர் கூலி ஆகியவை ஓட்டச்செலவு. இந்தியப் பாடநூல்கள் டிராக்டருக்கு 10 ஆண்டு ஆயுளும் ஆண்டுக்கு 1000 மணி நேர உழைப்பும் கொள்வதுண்டு. சிறு உழவரின் சிக்கல் அந்த ஆயிரத்தில்தான் தொடங்குகிறது.

எடுத்துக்காட்டுக்காக வண்டியின் விலை 4 லட்சம் ரூபாய் என்றும், பத்தாண்டு கழித்து அதில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும் என்றும் கொண்டால், ஆண்டுத் தேய்மானம் 36,000 ரூபாய். சராசரி முதலீடான 2.2 லட்சத்துக்கு 10 விழுக்காடு வட்டி 22,000. காப்பீட்டுக்கும் கொட்டகைக்கும் விலையில் 2 விழுக்காடு, 8,000. ஆக ஆண்டு நிலைச்செலவு 66,000 ரூபாய். ஆயிரம் மணி நேரம் ஓடினால் மணிக்கு 66 ரூபாயாக இருக்கும் இச்சுமை, 300 மணி நேரத்தில் 220 ஆகி, 100 மணி நேரத்தில் 660 ஆகிவிடும். டீசல் செலவு இதற்கு மேல்.

சொந்த நிலம் எத்தனை மணி நேர வேலை தரும்? ஒரு மீட்டர் அகல ரோட்டாவேட்டரை, அதாவது சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் கருவியை, மணிக்கு 2.5 கிலோமீட்டர் வேகத்தில் இயக்கி, திருப்பங்களில் கால்பங்கு நேரம் வீணாவதாகக் கொண்டால், ஓர் ஏக்கருக்கு 2 மணி 10 நிமிடம் அளவில் ஆகும். இரண்டு போகம், போகத்துக்கு மூன்று உழவு என்றால் இரண்டு ஏக்கருக்கு ஆண்டில் 26 மணி நேரமும், ஐந்து ஏக்கருக்கு 65 மணி நேரமுமே வேலை இருக்கும். ஐந்து ஏக்கர்காரரும் நூறு மணி நேரத்தைத் தொடவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான சரக்கு சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் நூறு மணி நேரம் ஓடும் வண்டியில் அது மணிக்கு 660 ரூபாயை 620 அளவுக்குத்தான் இறக்கும். விலையில் பாதி மானியமாகக் கிடைத்தால் 330 ஆகும். மானியமே இல்லாமல் ஓடும் நேரத்தை இரு மடங்காக்கினாலும் அதே 330தான். இக்கணக்கு கூலி ஓட்டத்தை, அதாவது பிறர் நிலத்தில் வாடகைக்கு உழுவதை, சொந்த டிராக்டரின் உபவருமானமாக அன்றி அதன் அடிப்படை நிபந்தனையாகவே ஆக்கிவிடுகிறது. அந்த வேலையிலோ 45 குதிரைத்திறன் வண்டிகளுடன் போட்டியிடவேண்டும்.

இதோடு நிறுத்திக்கொள்ளும் ஆய்வுகள் வாங்கவேண்டாம் என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகின்றன. கணக்கில் பிழையில்லை, ஆனால் அது எல்லா மணி நேரத்துக்கும் ஒரே மதிப்புத் தருகிறது.

உழவுப் பதம்

உழவுக்கு உரிய ஈரம் மண்ணில் நிற்கும் நாள்கள் சிலவே. கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசலில் இது கூர்மையாகத் தெரியும்: ஈரம் மிகுந்தால் மண் கலப்பையில் அப்பும், காய்ந்தால் பாளமாக வெடித்துக் கொழு ஏறாது. இடைப்பட்ட பதம் ஒரு மழைக்குப் பின் சில நாளே நீடிக்கும். அந்நாள்களில் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் டிராக்டர் தேடும். காவிரிப் பாசனப் பகுதியில் மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12ஐ ஒட்டி வாய்க்காலில் தண்ணீர் வரும்போதும், பின்னர் சம்பா நடவு நெருங்கும்போதும் இதே நெரிசல். வாடகை டிராக்டர்காரர் அப்போது பெரிய வயலுக்கு முதலில் போவது அவரளவில் நியாயமானதே. துண்டு நிலத்தில் திரும்பும் நேரமும், ஒரு வயலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நேரமும் அவருக்குக் கூலியில்லா நேரங்கள். ஆகவே மணிக்கூலி எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தாலும், காத்திருப்பு நாள்கள் நிலத்தின் அளவுக்கு எதிர்விகிதத்தில் ஏறக்கூடும். சிறு உழவர் வாடகையில் செலுத்தும் உண்மையான கூடுதல் விலை ரூபாயில் அன்று, விதைப்புத் தாமதத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓய்ந்துவிடும் மானாவாரி நிலத்தில் ஒரு வாரத் தாமதம், பயிர் பூக்கும் பருவத்தில் ஈரமில்லாமல் நிற்பதாக முடியலாம்.

சொந்த டிராக்டருக்கான வலுவான வாதம் இதுவே. வாங்குபவர் பெறுவது விசை அன்று, நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. ஆனால் இவ்வாதம் எல்லா நிலத்துக்கும் ஒரேபோல் பொருந்தாது. கொங்குப் பகுதியின் கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் உழவரே தண்ணீர் பாய்ச்சிப் பதத்தை உண்டாக்கிக்கொள்ள முடிவதால், உழவுத் தேவை ஊரெங்கும் ஒரே நாளில் குவிவதில்லை. அங்கே சிறு டிராக்டருக்கு ஆதரவான வாதம் வேறு: வாழை வரிசைகளுக்கும் அகலப் பார் கரும்புக்கும் கொடிப் பந்தலுக்கும் இடையே நுழைந்து களை ஓட்ட, ஒரு மீட்டர் அகலமுள்ள வண்டியால்தான் முடியும், வாடகைக்கு வரும் பெரிய வண்டிக்கு அங்கே வழியே இல்லை. 11 குதிரைத்திறனில் வரிசைப் பயிர்களுக்கென்றே வடிவமைத்த வண்டிகள் 2021 முதல் வந்திருப்பது இத்தேவையை ஒட்டித்தான்.

மேலும், நாள் நெருக்கடியைத் தளர்த்த இயந்திரம் மட்டுமே வழியன்று. கோடை உழவு செய்து வைத்து, கரிசலில் பருவமழைக்கு முன்பே புழுதியில் விதைப்பது என்ற பரிந்துரை, மழைக்குப் பிந்தைய ஒரே வாரத்தில் குவியும் வேலையைப் பல வாரங்களுக்குப் பரப்புகிறது. அவ்வாறு பரவும்போது வாடகை டிராக்டரே சிறு உழவருக்கும் போதுமானதாகலாம். உழவியல் மாற்றத்தையும் இயந்திரத் தேர்வையும் தனித்தனி அதிகாரங்களில் எழுதும் பழக்கத்தால் இந்தத் தொடர்பு மறைந்துபோகிறது.

வாடகையை ஒழுங்கமைக்கும் முயற்சிகள்

சொந்தமும் வேண்டாம், தனியார் வாடகையின் காத்திருப்பும் வேண்டாம் என்போர் நிறுவன வடிவங்களை நாடினர். சோவியத் ஒன்றியத்தின் இயந்திர டிராக்டர் நிலையங்கள் 1958இல் கலைக்கப்பட்டன. அவை உழவரின் தேவையைவிட மேலிருந்து வந்த இலக்கையே உழுதன. அதே 1958இல் ஜெர்மனியின் பவேரியாவில் எரிக் கைர்ஸ்பெர்கர் தொடங்கிய இயந்திர வட்டம் வேறு வகை: இயந்திரம் தனியார் உடைமையாகவே இருக்கும், உறுப்பினர்கள் முன்னரே ஒப்புக்கொண்ட கட்டணத்துக்கு ஒருவர் நிலத்தில் ஒருவர் உழுவர், யாருக்கு எப்போது என்பதை ஒரு மேலாளர் ஒழுங்குசெய்வார். வங்கதேசத்தில் 1988 வெள்ளத்தில் எருதுகள் மடிந்தபின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டு, மலிவான சீனப் பவர் டில்லர்கள் சிறு வாடகைத் தொழிலர்கள் கையில் பரவின. மிகச் சிறு உடைமைகள் நிறைந்த அந்நாட்டின் உழவு பெரும்பாலும் இயந்திரமயமானது, ஒவ்வோர் உழவரும் வாங்கியதால் அன்று.

தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. இ-வாடகைச் செயலி வழியாக முன்பதிவு செய்யலாம். 2014-15இல் தொடங்கிய நடுவண் அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம், சிறு, குறு, பட்டியலின, பெண் உழவர்களுக்கு 50 விழுக்காடும் பிறருக்கு 40 விழுக்காடும் வரம்புக்குட்பட்ட மானியம் தருவதோடு வாடகை மையங்களையும் ஆதரிக்கிறது. ஒரே திட்டம் சொந்த உடைமையையும் வாடகையையும் ஒருசேர ஊக்குவிப்பது முரணாகத் தோன்றலாம்; உண்மையில் முரண் வேறிடத்தில் இருக்கிறது. வாடகை மையங்களின் திறன் இயந்திர எண்ணிக்கையாலும் ஓடிய மணி நேரத்தாலும் அளக்கப்படுகிறது. நெரிசல் வாரத்தில் ஓர் ஏக்கர்காரர் எத்தனையாவதாக உழப்பெற்றார் என்பதை அளந்தாலன்றி, காத்திருப்பைக் குறைத்தோம் என்று அம்மையங்கள் சொல்லிக்கொள்ள இயலாது.

வாங்குவதென்று முடிவானபின்

எஞ்சின் குதிரைத்திறன் மட்டும் வைத்து வண்டியை மதிப்பிடுவது பரவலான தவறு. பி.டி.ஓ. எனப்படும், கருவியைச் சுழற்றும் பின்தண்டுக்கு எஞ்சின் திறனில் சுமார் 85 விழுக்காடே போய்ச்சேரும். ரோட்டாவேட்டரின் அகலத்தை அந்தத் திறனுக்கே பொருத்தவேண்டும். இழுவையைத் தீர்மானிப்பது எடையும் டயர் பிடிப்பும். முன்சக்கரங்களுக்கும் விசை தரும் நான்கு சக்கர இயக்கம், இலகுவான வண்டிக்குச் சேற்றில் பெருந்துணை. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள நடுவண் பண்ணை இயந்திரப் பயிற்சி சோதனை நிறுவனத்தின் அறிக்கைகளில் இவ்விவரங்கள் உண்டு. விற்பனையாளரின் துண்டறிக்கையைவிட அவற்றை நம்பலாம்.

இலகு வண்டி மண்ணை அதிகம் இறுக்காது என்பது பெருமளவு உண்மை. அடிமண் இறுக்கம் அச்சின் மேல் விழும் எடையைச் சார்ந்தது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரே ஆழத்தில் ரோட்டாவேட்டர் ஓட்டினால், அந்த ஆழத்துக்குக் கீழே கடின அடுக்கு படிந்து நீரும் வேரும் இறங்காமல் தடுக்கும். அதை உடைக்கும் உளிக் கலப்பையை, சில ஆண்டுக்கு ஒருமுறையேனும், இழுக்கச் சிறு டிராக்டரால் இயலாது. ஆகவே சிறு டிராக்டர் வாங்கியவரும் வாடகைச் சந்தையைவிட்டு முற்றாக வெளியேறுவதில்லை. சொந்தம், வாடகை என்ற இருமுனைப் பிரிவே நடைமுறையில் அவ்வளவு கூர்மையானதன்று.

இந்த ஆய்வுகள் முழுவதிலும் மிகக் குறைவாகப் பேசப்படுவது ஓட்டுபவரின் உயிர். வரிசைகளுக்கு இடையே நுழைய உதவும் குறுகிய சக்கர இடைவெளியே, வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் பக்கவாட்டில் கவிழும் வாய்ப்பைக் கூட்டுகிறது. இழுவைக் கயிற்றைப் பின்னச்சுக்கு மேலே கட்டினால் முன்பக்கம் தூக்கி வண்டி பின்னோக்கிப் புரளும். நொடிக் கணக்கில் நிகழும் இதைத் தடுக்க ஓட்டுநருக்கு அவகாசமே இல்லை. எழுநூறு, எண்ணூறு கிலோ வண்டியில் பிரேக் இல்லாத டிரெய்லரைப் பாரம் ஏற்றிப் பூட்டினால், சரிவில் சுமையே வண்டியைத் தள்ளும். சுழலும் பி.டி.ஓ. தண்டில் மூடி இல்லையெனில் வேட்டி, துப்பட்டா, சேலை எதுவானாலும் சிக்கும். கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் உறுதியான சட்டகத்தை ஸ்வீடன் 1959லேயே புதிய டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கியது. கவிழ்வால் நேரும் சாவுகள் அங்கே பெரிதும் குறைந்தன. முதன்முதலாக வண்டி வாங்கும் குடும்பத்தில் ஓட்டுபவர் பெரும்பாலும் புதியவர். மானியத்தோடு இந்தச் சட்டகத்தையும் தண்டு மூடியையும் நிபந்தனையாக்குவது செலவில் சிறியது, செய்யாமலிருப்பதற்கு நியாயம் காண்பது கடினம்.

திறந்திருப்பவை

சான்றுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, ஐந்து ஏக்கருக்குட்பட்ட தனி உடைமையில் சொந்த நிலத்து வேலையை மட்டும் நம்பிச் சிறு டிராக்டர் வாங்குவதை மணிக்கணக்கு ஆதரிக்கவில்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். வரிசைப் பயிர்த் தோட்டங்களில் இம்முடிவு தளர்கிறது. கூலி ஓட்டமோ உறவுமுறைப் பங்காளிகளின் கூட்டுடைமையோ சேரும்போது மேலும் தளர்கிறது. மானாவாரியிலும் ஆற்றுப்பாசனத்திலும் விடை, தாமதத்தால் ஏற்படும் இழப்பின் அளவைப் பொறுத்தது. நெரிசல் வாரத்தில் வயலளவு வாரியாகக் காத்திருப்பு நாள்களையும் அவற்றோடு விளைச்சலையும் சேர்த்து அளக்கும் ஆய்வுகளே அதைத் தீர்மானிக்க இயலும். முன்பதிவுச் செயலிகளில் விண்ணப்பித்த நாளும் உழுத நாளும் பதிவாகும் என்பதால், அத்தகைய ஆய்வுக்கான மூலப்பொருள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

மின்கல டிராக்டர்கள் இக்கணக்கை மாற்றுமா என்பதும் தெளிவாகவில்லை. சுவராஜை வடிவமைத்த அதே துர்காபூர் நிறுவனம் 2023இல் பிரைமா ஈ.டி.11 என்ற சிறு மின் டிராக்டரை அறிமுகப்படுத்தியது. மின் வண்டியில் ஓட்டச்செலவு இறங்கி நிலைச்செலவு ஏறுமானால், ஆண்டுக்கு அறுபது மணி நேரமே ஓட்டும் சிறு உழவருக்கு அது சாதகமாக அமையாது. ஊரே பகிர்ந்து ஓட்டும் வண்டிக்கு அமையலாம். பதம் கூடிய இரண்டு நாளில் இரவும் பகலும் உழவேண்டிய நேரத்தில், மின்னேற்றத்துக்காக நிற்கும் மணிகளை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வியும் அதனுடன் சேர்கிறது.